சந்திரசேகர்: நட்சத்திரங்களின் சக்திக் கணக்கைப் போட்ட தமிழர், பிரபஞ்சத்தின் கணக்கு மட்டும் ஏன் நேராகவில்லை?

சக்தியை உருவாக்க முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும். இந்த வரியை மனப்பாடம் பண்ணாமல் நம்மில் யாரும் பள்ளியை விட்டு வெளியே வந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ஆற்றல் என்று எழுதும். பெயர்தான் வேறு, விதி ஒன்றுதான்.

ஆனால், விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், இந்த விதி அப்படியே பொருந்தாது என்கிறது இன்றைய இயற்பியல். அப்படியானால் நாம் படித்தது தப்பா? காணாமல் போன சக்தி எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, சென்னையில் வளர்ந்து 1995-இல் சிகாகோவில் மறைந்த சுப்ரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போகலாம். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் பலருக்கு அவரைத் தெரியும். சக்தியின் கணக்கை முதலில் ஒரு நட்சத்திரத்துக்குள்ளும், பிறகு ஈர்ப்புவிசைக்குள்ளும் அவர் போட்டார். மூன்றாவது கணக்கு பிரபஞ்சத்தினுடையது. அதற்கும் அவருடைய எண் ஒன்று உதவியது. ஆனால் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பால் கணக்கிலிருந்து தொடங்குவோம்

கெடாவில் கூலிம், பாடாங் செராய், பாடாங் மேஹா வட்டாரத்தில் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால், பால்மரம் சீவிய கதை வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் அந்தக் காலத்துப் பால் கணக்கை நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

காண்டா வாளியில் கொண்டுவந்த பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள். கிராணி பேரேட்டில் எழுதுவார். ஆனால் வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது மட்டும் கணக்கு இல்லை. மழைத் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. அதனால், பாலில் ஒரு கருவியை மிதக்கவிட்டு, காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். கூலி அதற்குத்தான்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, எதை எண்ணுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்டோருக்கு ஒரு வாசல், ஓர் எல்லை இருக்க வேண்டும். உள்ளே வந்தது, வெளியே போனது தெரிய வேண்டும். மூன்றாவது, காலையில் இருந்த தராசுதான் மாலையிலும் இருக்க வேண்டும். இடையில் தராசே மாறிவிட்டால் கணக்கு இடிக்கும். யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை.

சக்தி அழியா விதியும் இந்த மூன்றையும் நம்பித்தான் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு சந்திரசேகரிடம் போவோம்.

கணக்காய்வாளர் வீட்டுப் பிள்ளை

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் லாகூரில் சந்திரசேகர் பிறந்தார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை லாகூரில் பிறக்கக் காரணம் அப்பாவின் வேலை. சுப்ரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறை அதிகாரி. அப்போது வடமேற்கு ரயில்வேயின் துணைத் தலைமைக் கணக்காய்வாளராக இருந்தார். அம்மா சீதாலட்சுமி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாவது, ஆண்களில் மூத்தவர். சித்தப்பா சி.வி. ராமன், 1930-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்.

1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்து நிலைத்தது. 12 வயது வரை வீட்டிலேயே படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி, அதன்பின் மாநிலக் கல்லூரி. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் ஆசையாகப் போய்ப் பார்த்தார். ஆனால் அந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்ற செய்திதான் கிடைத்தது. கூடவே சோமர்ஃபெல்ட் தன்னுடைய புதிய கட்டுரை ஒன்றையும் கொடுத்தார். அச்சாகாத அந்தக் கட்டுரையிலிருந்து பாடம் படித்து, அடுத்த ஆண்டே சந்திரசேகர் ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதினார்.

1930-இல் கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அம்மா அப்போது கடுமையான நோயில் இருந்தார். போனால் திரும்பப் பார்க்க முடியாமல் போகலாம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அம்மாவேதான். 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது சந்திரசேகருக்கு வயது 19. பத்து மாதம் கழித்து, 1931 மே மாதத்தில் அம்மா காலமானார். மகனால் வர முடியவில்லை.

குளிரக்கூட வழியில்லாத நட்சத்திரம்

கப்பலில் அவர் யோசித்துக்கொண்டு போனது ஒரு சக்திக் கணக்கைத்தான்.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றில் இரண்டு விசைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஈர்ப்புவிசை உள்ளே இழுக்கிறது. உள்ளே எரியும் அணு உலையின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. நம் சூரியன் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 40 லட்சம் டன் பொருண்மையைச் சக்தியாக மாற்றி இந்தச் சமநிலையைக் காப்பாற்றுகிறது. எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? நட்சத்திரம் சுருங்கும். பூமி அளவே உள்ள உருண்டைக்குள் சூரியன் அளவு பொருள் அடைந்துகிடக்கும். இதை வெண்குள்ளன் என்பார்கள்.

இங்கேதான் ஆர்தர் எடிங்டன் ஒரு புதிரைக் கண்டார். அந்தக் காலத்தில் நட்சத்திர இயற்பியலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வெண்குள்ளன் வெப்பத்தை இழந்து சாதாரணப் பொருளாக ஆறிப்போக வேண்டுமானால், நசுங்கிக் கிடக்கும் அணுக்கள் மறுபடி விரிய வேண்டும். அதற்கு ஈர்ப்பை எதிர்த்துத் தள்ளச் சக்தி வேண்டும். அந்த அளவு சக்தி அதன் கையிருப்பில் இல்லை. அதாவது, குளிர்வதற்குக்கூட வழியில்லாத நட்சத்திரம்! கடனில் மூழ்கியவர் கடையை மூடக்கூடக் காசில்லாமல் தவிப்பது மாதிரி.

1926-இல் கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவுலர் இதற்குப் பதில் சொன்னார். மிக நெருக்கமாக அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், வெப்பமே இல்லாவிட்டாலும் எதிர்த்துத் தள்ளும். அது குவாண்டம் விதி. ஆகவே நட்சத்திரம் விரியாமலே அமைதியாகக் குளிரலாம். கணக்கு தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சந்திரசேகர் அதில் ஒன்றைக் கூட்டினார். நட்சத்திரம் கனக்கக் கனக்க, உள்ளே எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகளைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால், எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு எதிர்பார்த்த அளவு கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் ஈர்ப்பை எதுவும் தாங்காது. இன்றைய மதிப்பில் அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் எஸ்டோனியாவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும் இதே திசையில் முன்பே போயிருந்தார்கள். ஆனால் முழு நட்சத்திரத்துக்கும் முறையாகக் கணக்குப் போட்டு, அதை விடாமல் நிறுவியவர் சந்திரசேகர். அதனால்தான் அது சந்திரசேகர் வரம்பு.

1935 ஜனவரி 11: சிரித்த சபை

வரம்பைத் தாண்டிய நட்சத்திரம் என்னாகும்? சுருங்கிக்கொண்டே போகும். கருந்துளை என்ற பெயர் புழக்கத்துக்கு வர இன்னும் 30 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

1935 ஜனவரி 11-ஆம் தேதி, லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவைச் சொன்னார். அவருக்கு வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். அதற்கு முந்தைய மாதங்களில் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவரும் அவர்தான். கணக்கில் தப்பு எங்கே என்று அவர் காட்டவில்லை. நட்சத்திரம் இப்படி நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது, அதைத் தடுக்க ஒரு விதி இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டு, அடிப்படைச் சூத்திரத்தையே கேலி பண்ணினார். சபை சிரித்தது.

நீல்ஸ் போர், வோல்ஃப்காங் பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் பக்கம்தான் சரி என்று தனிப்பட்ட முறையில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எடிங்டனை எதிர்த்து வெளியே வந்து சொல்லவில்லை. தமக்குச் சரி என்று தெரிந்த ஒன்றை மேடையில் சொல்ல ஆளில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை. எடிங்டனோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1939-இல் நட்சத்திர அமைப்பு பற்றிய தன் முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்குப் போய்விட்டார். அதுவே அவருடைய பழக்கமும் ஆகிப்போச்சு. பத்தாண்டுக்கு ஒரு தலைப்பு. ஆழமாகப் படிப்பது, ஒரு பெரிய புத்தகம் எழுதுவது, மூடிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது.

சிகாகோவில் ஒரு நீண்ட வாழ்க்கை

1936 செப்டம்பரில் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் படித்த லலிதா துரைசாமியை மணந்தார். அடுத்த ஆண்டு தம்பதியர் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. தோல் நிறத்தைக் காரணம் காட்டி, அவர் சிகாகோ வளாகத்தில் பாடம் நடத்துவதை ஒரு புல முதல்வர் எதிர்த்த சம்பவமும் உண்டு. பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டார். ஏறக்குறைய 60 ஆண்டு, சாகும்வரை, அவர் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. 1952 முதல் 1971 வரை வானியற்பியலின் முன்னணி ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தார்.

1953-இல் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். சென்னையில் இருந்த அப்பாவுக்கு அது மனவருத்தம்தான். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து, இங்கேயே நீலநிற அடையாள அட்டை எடுத்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நடுவில் ஒரு கேள்வி: சக்தி என்றால் என்ன?

சந்திரசேகரின் அடுத்த பெரிய வேலையைப் புரிந்துகொள்ள, இன்னொருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானியக் கணிதவியலாளர் எமி நோய்தர்.

1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்குப் புதுக் கோட்பாடு எழுதினார். அதில் காலமும் வெளியுமே வளைகின்றன, நீள்கின்றன. கேட்டிங்கன் நகரக் கணித மேதைகளான டேவிட் ஹில்பர்ட்டுக்கும் ஃபெலிக்ஸ் க்ளைனுக்கும் ஒரு சிக்கல் தென்பட்டது. இந்தக் கோட்பாட்டில் சக்தி அழியா விதி வழக்கம்போல வரவில்லை. அதை ஆராய நோய்தரை அழைத்தார்கள். பெண் என்பதால் அவர் பெயரில் வகுப்பு நடத்தக்கூட அப்போது அனுமதியில்லை. ஹில்பர்ட் பெயரில்தான் பாடம் நடத்தினார்.

1918-இல் நோய்தர் கண்டுபிடித்தது இதுதான்: சக்தி ஏன் அழிவதில்லை என்றால், இயற்கையின் விதிகளும் பின்னணியும் நேற்று, இன்று, நாளை மாறாமல் இருப்பதால்தான். நேற்று எறிந்த பந்தும் இன்று எறிந்த பந்தும் ஒரே மாதிரி பறந்தால், சக்தி என்று ஒன்றை வரையறுக்கலாம், அதன் மொத்தம் மாறாது. பின்னணியே காலத்தோடு மாறினால், அந்த உத்தரவாதம் போய்விடும்.

தராசு நினைவிருக்கிறதா? தராசு மாறாதவரை கணக்கு நேராகும். நோய்தர் சொன்னதும் அவ்ளோதான். ஆனால் அதைக் கணிதமாக நிறுவினார். நாஜிகள் 1933-இல் வேலையிலிருந்து விரட்ட, அமெரிக்கா போய், 1935-இல் அவர் இறந்தார்.

ஈர்ப்பின் சக்தியை எங்கே எழுதுவது?

சந்திரசேகர் 50 வயதைத் தாண்டியபின் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குள் முழுமூச்சாக இறங்கினார். புதுத் துறையைத் தொடங்கும் வயதா இது என்று யாரும் கேட்கலாம். அவர் மாணவர்போல உட்கார்ந்து படித்தார்.

அங்கே இருந்த ஒரு பெரிய சிக்கல், ஈர்ப்புக்கு உள்ள சக்தியைக் கணக்கில் எங்கே எழுதுவது என்பதுதான். மரத்திலிருந்து டுரியான் விழுகிறது என்று வையுங்கள். தரையில் நிற்கும் உங்களுக்கு அதை ஈர்ப்பு இழுப்பது தெரிகிறது. அந்த டுரியானோடு சேர்ந்து விழும் எறும்புக்கு? அதற்கு எடையே தெரியாது. பக்கத்தில் இருப்பவை எல்லாம் மிதப்பது மாதிரி இருக்கும். அந்த இடத்தில் ஈர்ப்பே இல்லை என்று எறும்பு சத்தியம் பண்ணும். ஐன்ஸ்டைன் கோட்பாட்டில் இருவர் பார்வையும் சரி. ஆக, இந்தப் புள்ளியில் ஈர்ப்பின் சக்தி இவ்வளவு என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் எண்ணைப் பேரேட்டில் எழுத முடியாது.

ஆனால், தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரக் கூட்டமைப்பை வெகுதூரத்திலிருந்து பார்த்தால் மொத்தக் கணக்கைப் போடலாம். அங்கே எல்லை இருக்கிறது. தூரத்தில் வெளி தட்டையாக, மாறாமல் இருக்கிறது. சந்திரசேகர் 1960-களில் அந்த வேலையைத்தான் செய்தார். நியூட்டனின் விதியில் தொடங்கி, ஐன்ஸ்டைன் சேர்த்த சின்னச் சின்னத் திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போனார். 1969-இல் பொதுச் சார்பியலில் அழியா விதிகள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். முதல் சில படிகள்வரை சக்தியின் மொத்தம் கச்சிதமாக நேரானது. 1970-இல் பால் எஸ்போசிட்டோவுடன் இன்னும் ஒரு படி போனபோது, கணக்கில் கசிவு தெரிந்தது. ஈர்ப்பு அலைகள் சக்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்களை 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸும் ஜோசப் டெய்லரும் கண்டுபிடித்தார்கள். அவற்றின் சுற்றுப்பாதை ஐன்ஸ்டைன் கோட்பாடு சொன்ன அளவிலேயே சுருங்கிவந்தது. 2015-இல் இரண்டு கருந்துளைகள் மோதிய அலை நேரடியாகவே பூமியில் பதிவானது. அந்த மோதலில் மூன்று சூரியன்களின் பொருண்மைக்குச் சமமான சக்தி அலையாகப் போயிருந்தது. கணக்கு நேரானது.

பிரபஞ்சம் விரியும்போது என்ன ஆகிறது?

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். ஒரு நட்சத்திரத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம். பிரபஞ்சத்துக்கு வெளியே போய் நிற்க இடமில்லை. அதோடு, பிரபஞ்சத்தின் பின்னணியே காலத்தோடு மாறுகிறது; அது விரிகிறது. நம் ஸ்டோருக்குச் சொன்ன நிபந்தனைகளில் எல்லையும் போச்சு, மாறாத தராசும் போச்சு.

ஓர் உதாரணம் பாருங்கள். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டு ஆனபோது கிளம்பிய ஒளி இன்றும் வானம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது. வழியில் வெளி ஏறக்குறைய 1,100 மடங்கு நீண்டுவிட்டது. ஒளியின் அலையும் அதே அளவு நீண்டது. அலை நீண்டால் சக்தி குறையும். ஒவ்வோர் ஒளித்துகளும் தன் சக்தியில் 1,100-இல் ஒரு பங்கை மட்டுமே வைத்துக்கொண்டு நம்மிடம் வந்து சேர்கிறது. வழியில் யாரும் அதைப் பிடுங்கவில்லை. எதையும் அது சூடாக்கவும் இல்லை. மீதிச் சக்தி எங்கே என்று கேட்டால், பேரேட்டின் வேறெந்தப் பக்கத்திலும் அது வரவு வைக்கப்படவில்லை.

பிரபஞ்சத்தின் ஒரு பகுதி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கன அளவு எட்டு மடங்கு ஆகும். அந்தப் பகுதியில்:

– சாதாரணப் பொருளின் மொத்தச் சக்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும்.
– ஒளியின் மொத்தச் சக்தி பாதியாகக் குறையும்.
– இருண்ட சக்தி, அதன் அடர்த்தி மாறாமல் இருக்குமானால், எட்டு மடங்காகும்.

கூட்டிப் பாருங்கள். முன்பும் பின்பும் மொத்தம் ஒன்றாக இருக்காது.

ஈர்ப்புக்கு ஓர் எதிர்மறைச் சக்தியைக் கணக்கில் சேர்த்து இதைச் சரிக்கட்டலாம் என்று சொல்லும் இயற்பியலாளர்கள் உண்டு. மொத்தச் சக்தி என்ற சொல்லுக்கே இங்கே பொருளில்லை, விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பயன்படுத்துவது ஒரே சமன்பாடுகளைத்தான். முன்கூட்டிச் சொல்லும் முடிவுகளும் ஒன்றேதான். சண்டை, எதைச் சக்தி என்று எண்ணுவது என்பதில். பால் கணக்கில் வாளியை எண்ணுவதா, காய்ந்த ரப்பரை எண்ணுவதா என்பது மாதிரி.

அவர் பார்க்காத 1998

1983 அக்டோபர் 19-ஆம் தேதி, தன் 73-ஆவது பிறந்தநாளில், சந்திரசேகருக்கு நோபல் அறிவிப்பு வந்தது. வில்லியம் ஃபவுலருடன் பகிர்ந்துகொண்டார். இவர் கேம்பிரிட்ஜ் ஃபவுலர் இல்லை, வேறொருவர். சபை சிரித்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. எடிங்டன் 1944-லேயே இறந்துவிட்டார். அதே 1983-இல் கருந்துளைகளின் கணிதம் பற்றிய பெரிய புத்தகத்தையும் சந்திரசேகர் வெளியிட்டார். 24 வயதில் எந்தக் கணக்குக்காகக் கேலி செய்யப்பட்டாரோ, அது கொண்டுபோய் விட்ட இடத்தைப் பற்றியேதான் அந்தப் புத்தகம். 1995 ஆகஸ்ட் 21-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார்.

மூன்று ஆண்டு கழித்து, 1998-இல், இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரு வகை நட்சத்திர வெடிப்பை அளந்தன. வெண்குள்ளன் ஒன்று பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டு சந்திரசேகர் வரம்பை நெருங்கும்போது வெடிக்கலாம். இரண்டு வெண்குள்ளன்கள் மோதியும் இப்படி வெடிக்கலாம். எந்த வழி அதிகம் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இவற்றின் பிரகாசம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், சிறு வேறுபாடுகளையும் திருத்திக்கொள்ளலாம். ஆகவே எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, பிரபஞ்சத்தின் விரிவு வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. இதைத் தள்ளும் ஏதோ ஒன்றுக்கு இருண்ட சக்தி என்று பெயர் வைத்தார்கள். சோல் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது. இருண்ட சக்தியின் அடர்த்தி உண்மையிலேயே மாறாததா, காலத்தோடு மாறுகிறதா என்பது இன்றைக்கும் சூடான கேள்வி. மாறக்கூடும் என்று 2024, 2025-இல் வெளியான டெசி ஆய்வின் அளவீடுகள் குறிப்புக் காட்டின. ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசித்தால் சந்திரசேகரின் வாழ்க்கை வேறு மாதிரி தெரிகிறது. ஒரு நட்சத்திரத்தின் சக்திக் கணக்கை நேராக்கப்போய் கிடைத்தது அவருடைய வரம்பு. பிரபஞ்சத்தின் சக்திக் கணக்கு நேராகாது என்பதை உலகம் உற்றுப் பார்க்க வைத்த வெடிப்புகளுக்குப் பின்னாலும் அந்த வரம்புதான் இருக்கிறது.

அப்போ பாடப்புத்தகம் தப்பா?

இல்லை. உங்கள் பிள்ளை படிவம் 4 இயற்பியல் புத்தகத்தோடு வந்து கேட்டால் தைரியமாகச் சொல்லலாம். ஒரு வீடு, ஒரு மின்நிலையம், ஒரு சூரியக் குடும்பம், இந்த அளவுகளில் பின்னணி மாறுவதே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிரபஞ்சம் விரிவதால் கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையே தூரம் கூடுவதில்லை. ஈர்ப்பாலும் மின்விசையாலும் கட்டுண்டவை விரிவதில்லை. வீட்டு மின்சாரக் கட்டணம் ஏறினால் பிரபஞ்சத்தின் மேல் பழி போட முடியாதுங்க.

ஐன்ஸ்டைன் கோட்பாட்டிலும், ஒவ்வொரு சிறு பகுதிக்குள்ளும் சக்தி வந்துபோகும் கணக்குக்குக் கண்டிப்பான சமன்பாடு இருக்கிறது. அது எங்கேயும் மீறப்படுவதில்லை. எல்லாச் சிறு பகுதிகளையும் கூட்டி, முழுப் பிரபஞ்சத்துக்கும் ஒரே ஒரு மாறாத எண்ணாக எழுத முயலும்போதுதான் சிக்கல். அந்த ஒற்றை எண் இல்லாததால் இயற்கை ஒழுங்கு கெட்டுப்போகவில்லை. விதிக்கு உள்ள நிபந்தனை என்னவென்று நமக்குத் தெரிந்திருக்கிறது, அவ்ளோதான்.

பிப்ரவரி மாதம், வானம் தெளிவாக உள்ள ஓர் இரவில், பத்து மணி வாக்கில் பாடாங் மேஹாவில் வீட்டு வாசலுக்கு வந்து தெற்குப் பக்கமாக அண்ணாந்து பாருங்கள். வானத்திலேயே பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம் சிரியஸ். 8.6 ஒளியாண்டு தூரம். அதற்கு ஒரு துணை உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெண்குள்ளன். சூரியன் அளவு எடை, பூமி அளவு உருவம். சந்திரசேகர் வரம்புக்குக் கீழே இருப்பதால் அது வெடிக்காமல், நொறுங்காமல், மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. எடிங்டனைக் குழப்பிய கணக்கு இந்த வகை நட்சத்திரத்தினுடையதுதான். 19 வயதில், நோயாளி அம்மாவை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய ஒரு பையன் மனதில் சுமந்துகொண்டு போனதும் அதையேதான்.